நடந்தது எப்படித் தெரியும்?
6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல்

நம் வீட்டுப் பிள்ளைகள் 'எஸ்.எஸ்.டி.' என்று சொல்லுகிற சமூக அறிவியல் பாடத்தைப் பற்றி எழுத இவன் யார் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு 1981-ல் தில்லிக்கு வந்து ஜவுளி வியாபாரத்தில் காலம் தள்ளியவன் நான். மற்ற படிப்பெல்லாம் கடை கட்டிய பிறகு ராத்திரியில் படித்ததுதான். ஆனால் பதினோரு வருஷமாகச் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். தெரிந்துகொண்டதைவிடத் தப்புச் செய்து திருத்திக்கொண்டதுதான் அதிகம்.

பாடப் புத்தகங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கட்டமைப்பை ஒட்டி 2006 முதல் 2008 வரை என்.சி.இ.ஆர்.டி. புதிய புத்தகங்களைக் கொண்டுவந்தது. வரலாறு, புவியியல், சமூக அரசியல் வாழ்வு என்று மூன்று தனிப் புத்தகங்கள். 2024-ல் 6-ஆம் வகுப்புக்கு மூன்றையும் சேர்த்து ஒரே புத்தகமாக்கிவிட்டார்கள். பக்கம் குறைந்தது, சுமை குறைந்தது. ஆனால் 'தாத்தா, இது எக்ஸாமுக்கு வருமா?' என்ற கேள்வி மட்டும் குறையவில்லை.

இந்த வயதுப் பிள்ளைக்கு ராஜாக்களின் பெயரும் வருஷமும் தங்காது. தங்க வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: 'இது நடந்தது என்று எப்படித் தெரியும்?' என்று கேட்கிற பழக்கம். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கடையே போதுமாக இருந்தது. பழைய பில்கள் நான்கை எடுத்து, தேதி இருக்கும் மூலையைக் கிழித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். எது முந்தியது, எது பிந்தியது? ஒன்றில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, ஆகவே அது 2017 ஜூலைக்குப் பிந்தியது. ஒன்றில் தொலைபேசி எண்ணுக்கு 7 இலக்கம்தான், ஆகவே தில்லி எண்கள் 8 இலக்கமாவதற்கு முந்தியது. அரை மணியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல்வெட்டுக்குக் காலம் கணிக்கிறவர்கள் எழுத்தின் வடிவத்தை வைத்துச் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

தில்லியில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. பெரோஸ்ஷா கோட்லாவில் அசோகர் தூண் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. அதிலிருக்கும் பிராமி எழுத்தை 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் படித்து முடித்தார். எழுத்துகளைக் கிட்டத்தில் காட்டப் புகைப்படப் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். அதில் 'க' என்பது கூட்டல் குறி மாதிரியே இருக்கும். நம் தமிழ் பிராமியிலும் அப்படித்தான். சோழர், பாண்டியர் பெயர் இந்தத் தூணில் இல்லை. கிர்நார் போன்ற பாறைக் கல்வெட்டுகளில்தான் வருகிறது. பெருமைக்காக இடத்தை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

பிறகு அழகர்மலைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளுக்கு வருவோம். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் எல்லாரும் அங்கே தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். சுமார் 2000 வருஷத்துச் சங்கதி. அறுவை என்றால் துணி, அதாவது நம்ம கடை என்று பெருமையாகச் சொன்னேன். 'அதான் தாத்தா பேச்சும் அறுவையா இருக்கு' என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லை இனி யாரும் மறக்கமாட்டார்கள்.

உத்திரமேரூர் கதையும் உண்டு. 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். பழைய 7-ஆம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு கட்டத்துக்குள் வந்தது. உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக் கொடுத்தோம் என்று மேடையில் முழங்குவது எளிது. நான் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி கட்டுகிற கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. உங்கள் தெருவில் யார் நிற்க முடியும், எண்ணிப் பாருங்கள் என்பேன். அம்மா நிற்க முடியாது, வாடகை வீட்டு மாமா நிற்க முடியாது, நானும் முடியாது. ஆனால் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டும் ஒரே கல்லில்தான் இருக்கின்றன.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நான் தமிழ்ச் சமணன். மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள் என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன். 7-ஆம் நூற்றாண்டுப் பாடம் வந்தபோது அதை நடந்த நிகழ்ச்சியாகவே, கொஞ்சம் சூட்டோடும் சொல்லிவிட்டேன். வகுப்பில் தேவாரம் ஓதுகிற வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். 'எங்க ஆளுங்களா தாத்தா செஞ்சாங்க?' என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அடுத்த இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. அவன் அப்பா வழியில் பார்த்தபோது மரியாதையாக வணக்கம் சொன்னார், நிற்கவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டு. கழுவேற்றம் பேசப்படுவது 11-ஆம் நூற்றாண்டை ஒட்டிய நம்பியாண்டார் நம்பியிடம். விரிவாகச் சொல்லுவது 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். நடுவே சுமார் 400 வருஷம். அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை, சமணர் நூல்களும் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் இதை வரலாறாக ஏற்கவில்லை. மதுரைக்குப் பக்கத்திலேயே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. அதாவது அங்கே சமணப் பள்ளி பின்னரும் நடந்திருக்கிறது. அதற்காகச் சமணத்துக்குச் சேதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரச ஆதரவு போனதும், பள்ளிகள் கைமாறியதும் வேறு கணக்கு.

நானே அந்த வீட்டுக்குப் போய்ப் பையனைக் கூப்பிட்டு வந்தேன். எல்லாரையும் நோட்டில் நடுவே கோடு போடச் சொன்னேன். ஒரு பக்கம் 'சொல்லப்படுவது', மறுபக்கம் 'சாட்சி', எதிரில் நூற்றாண்டு.

'அப்போ நடக்கவே இல்லையா தாத்தா?' என்றான் அவன்.

'கடைக்கு ஒருத்தர் வந்து, உங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு ஆயிரம் ரூபாய் பாக்கின்னு சொல்றார்னு வை. பேரேட்டைப் பார்ப்போம். அதில் இல்லைன்னா அவரைப் பொய்யர்னு சொல்லமாட்டோம். பணமும் கொடுக்கமாட்டோம்.'

'அது பதிலே இல்லையே' என்றான். ஆமாம், இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன். அவன் நோட்டில் 'சாட்சி' பக்கத்தில் 'சமணர் மலை, 9-10' என்று எழுதி, கீழே மூன்று வரி காலியாக விட்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். இனிமேல் ஏதாவது கிடைத்தால் எழுதுவதற்காம்.

ஆனி மாத விடுமுறையில் அவன் குடும்பம் மதுரை போனது. அவன் அப்பாவே சமணர் மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களைப் படம் எடுத்து வந்து எனக்குக் காட்டினார். அன்று கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனார்.