சாய்வெழுத்தின் பொருளும் பயன்பாடும்: அச்சு, கையெழுத்து மரபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அச்சிட்ட பக்கத்தில் வலப்புறம் சாய்ந்து நிற்கும் எழுத்து அழுத்தத்தின் அடையாளமாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. ஆயினும், அது அச்சில் தோன்றிய காலத்தில் அப்பொருள் அதற்கு இல்லை. நேரெழுத்தோடு கொண்ட வேறுபாட்டினாலேயே சாய்வெழுத்து பொருள் பெற்றது என்பதையும், தமிழ் ஆய்வெழுத்தில் அதனைக் கையாளும்போது கருதத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சாய்வெழுத்து, நேரெழுத்து, அச்சு மரபு, மேற்கோள், தேற்ற ஏகாரம்.

கையெழுத்திலிருந்து அச்சுக்கு

சாய்வெழுத்தின் தாயகம் இத்தாலி. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அதன் பெயர் அந்நாட்டையோ விரைந்தெழுதும் முறையையோ சுட்டி நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்சு நகர அறிஞர் நிக்கோலோ நிக்கோலி பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுக்க விரைவெழுத்து வடிவமொன்றைக் கையாண்டார். இறகுப் பேனாவை எடுக்காமல் எழுதிச் செல்லும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து இயல்பாகவே சாய்ந்தன. ஆகவே, சாய்வு முதலில் விரைவின் விளைவேயன்றிப் பொருட்குறிப்பு அன்று.

வெனிசு நகரப் பதிப்பாளர் ஆல்டசு மனூசியசு இவ்வடிவத்தை அச்சுக்குக் கொணர்ந்தார். அவருக்காக எழுத்தச்சுகளை வெட்டியவர் பிரான்செசுகோ கிரிஃபோ. 1501இல் வெளிவந்த வர்சிலின் கவிதைத் தொகுதி முழுவதும் சாய்வெழுத்தால் ஆயிற்று. அதன் பேரெழுத்துகள் மட்டும் நேராகவே நின்றன. கையடக்க நூலுக்குரிய தனி எழுத்தாகவே அது அறிமுகமானது. நூல் முழுவதும் சாய்ந்திருக்கையில், ஒரு சொல் சாய்ந்திருப்பது எதனையும் உணர்த்த இயலாது.

வேறுபாட்டால் பிறந்த பொருள்

16ஆம் நூற்றாண்டினூடே நேரெழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே பக்கத்தில் இடம்பெறலாயின. அதன்பின்னரே சாய்வு பொருளுடையதாயிற்று. இதற்குச் சிறந்த சான்று 1560ஆம் ஆண்டின் ஜெனிவா ஆங்கில விவிலியம். மூலத்தில் இல்லாது, ஆங்கிலத் தொடர் நிறைவு பெறும்பொருட்டு மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்கள் அதில் சாய்வெழுத்தில் தரப்பட்டன. இங்குச் சாய்வு அழுத்தத்தைக் குறிக்கவில்லை. மாறாக, ‘இச்சொல் மூலத்திற்கு உரியதன்று’ என்னும் ஒப்புதலாக நிற்கிறது.

பிற்காலத்தில் நூற்பெயர், கப்பற்பெயர், அயன்மொழிச் சொல், உயிரினங்களின் இலத்தீன் இருசொற்பெயர் ஆகியவற்றைப் பிரித்துக்காட்டவும் சாய்வு பயன்பட்டது. அறிவியல் எழுத்தில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ‘எம்’ என்னும் உரோமன் எழுத்து சாய்ந்திருப்பின் நிறை என்னும் அளவையும், நேராக இருப்பின் மீட்டர் என்னும் அலகையும் குறிக்கும். சாய்வெழுத்தால் அமைந்த பத்தியினுள் ஒரு சொல்லைப் பிரித்துக்காட்ட வேண்டின், அச்சொல் நேரெழுத்தில் தரப்படுகிறது. பொருளைத் தருவது வேறுபாடே என்பதனை இம்மரபு உறுதிப்படுத்துகிறது.

கையெழுத்தில் சாய்வு எழுதுவோரின் பழக்கத்தைச் சார்ந்தது. எழுத்து முழுவதுமே சாய்ந்திருக்கக்கூடும். ஆதலால், அச்சுக்குச் செல்லும் கைப்படியில் ஒரு சொல்லின் கீழ் இடும் ஒற்றைக்கோடு ‘சாய்வெழுத்தில் அமைக்க’ என்னும் குறிப்பாக அமைந்தது.

தமிழ் ஆய்வெழுத்தில் சாய்வு

இத்தகைய விரைவெழுத்து வரலாறு தமிழ் அச்செழுத்திற்கு இல்லை. உரைப்பதிப்புகள் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அமைத்து வேறுபாட்டைப் புலப்படுத்தின. அழுத்தத்தையோ மொழியே உணர்த்திவிடுகிறது. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பியம் சுட்டுகிறது. ‘அவன் நேற்றே வந்தான்’, ‘அவனே நேற்று வந்தான்’ என்னும் தொடர்களில் அழுத்தம் எச்சொல்லின்மீது விழுகிறது என்பதை அறிய எழுத்தைச் சாய்க்க வேண்டுவதில்லை.

உரோமன் எழுத்தில் உண்மைச் சாய்வெழுத்து தனியே வரையப்பட்ட வடிவமாகும். அதில் சில எழுத்துகளின் உருவே மாறும். கணினியில் தமிழ் எழுத்தைச் சாய்க்கும்போது, பெரும்பாலும் நேர்வடிவமே இயந்திர முறையில் சரிக்கப்படுகிறது. ரகரமும் துணைக்காலும் போன்று நுண்ணிய வேறுபாட்டால் பிரியும் வடிவங்கள் சிறிய அளவில் மயக்கம் தரக்கூடும்.

இதனினும் கருதத்தக்கது மேற்கோளின் நம்பகத்தன்மை. ஒருங்குறியில் தமிழ்ச் சாய்வெழுத்துக்கெனத் தனிக் குறியீடுகள் இல்லை. சாய்வு வடிவமைப்பின் பகுதி மட்டுமே. வடிவமைப்பற்ற வெற்றுரையாகப் படியெடுக்கும்போது அது மறைந்துவிடும். மேற்கோள் சாய்வால் மட்டுமே காட்டப்பட்டிருப்பின், பிறர் கூற்று ஆய்வாளர் கூற்றாகத் தோன்றும். அவ்வாறே, மேற்கோளினுள் ஒரு சொல்லைச் சாய்க்கும் ஆய்வாளர் அதனைக் குறிப்பிடாவிடின், அவ்வழுத்தம் மூல ஆசிரியருடையதாகக் கொள்ளப்படும்.

முடிவுரை

சாய்வெழுத்து தன்னளவில் பொருளுடையதன்று. நேரெழுத்தோடு முரணி நிற்கும்போதும், வாசகர் அம்முரணின் மரபை அறிந்திருக்கும்போதும் மட்டுமே அது பொருள் தருகிறது. எனவே, தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளையும் நூற்பெயரையும் மேற்கோள்குறியால் பிரித்தலும், அழுத்தத்தைச் சொல்லாலேயே உணர்த்துதலும், சாய்வைக் கையாளின் அதன் பயனைத் தொடக்கத்திலேயே வரையறுத்தலும் தகும். எச்சொல் எவருடையது என்பதில் ஐயம் எழாமை ஆய்வறத்தின் முதற்கூறு. எழுத்தின் வடிவமும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும்.