மனதில் இருந்ததைச் சொன்னார், மடியில் இருந்ததை வாங்கிக்கொண்டார்

“கரெக்டா சொல்லிட்டாரு சார். நான் வாயே திறக்கல.” பணத்தைப் பறிகொடுத்துவிட்டு மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். எவ்வளவு போனது, எந்தத் தேதியில், யார் கணக்குக்கு என்பதெல்லாம் அரை மணி நேரம் தோண்டித் துருவிய பிறகே வெளியே வரும். ஏமாற்றியவரின் திறமையை மெச்சிவிட்டுப் புகாரைத் தொடங்கும் மோசடி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்த மெச்சுதலே புகாரையும் கெடுத்துவிடுகிறது. ஆகவே அவர் என்ன செய்தார் என்பதை முதலில் பார்த்துத் தீர்த்துவிட்டுப் பணத்துக்கு வருவோம்.

பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ ஒருவர் நெருங்குகிறார். துண்டுத் தாளில் எதையோ எழுதி, கசக்கி உருட்டி, உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்கிறார். “ஒரு பூவ நெனைங்க தாயி. ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.” ரோஜா, மூன்று என்கிறீர்கள். தாளைப் பிரித்தால் அதில் “ரோஜா, 3”. உடம்பு சிலிர்த்துவிடுகிறது.

அவசரப்படுத்திக் கேட்டால் நம்மில் நிறையப் பேர் ஓரத்தில் இருக்கும் ஒன்றையும் ஐந்தையும் விட்டு நடுவில் இருப்பதைச் சொல்வோம். பூ என்றால் ரோஜாவும் மல்லிகையும்தான் முதலில் வாயில் வரும். நீங்கள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால், “எங்க, குடுங்க, நெத்தியில வச்சு எடுக்கலாம்” என்று உருண்டையை வாங்கித் திருப்பித் தருவார். அந்த ஒரு நொடியில் சீட்டு மாறியிருக்கும். அதற்கும் வழியில்லை என்றால் “இன்னிக்கு உங்களுக்கு நேரம் சரியில்ல” என்று அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். அவர் தவறிப்போன ஆட்கள் யாரும் மனு எழுத வருவதில்லை. அவர்கள் அப்போதே மறந்துவிட்டுப் பேருந்து ஏறியிருப்பார்கள். சரியாகச் சொன்ன கதை மட்டும்தான் ஊரில் சுற்றுகிறது.

இன்னொன்று, கொஞ்சம் படித்தவர்களுக்கானது. “ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இரண்டு இலக்க எண் ஒன்றை நினையுங்கள். இரண்டு இலக்கமும் ஒற்றைப்படை, இரண்டும் வெவ்வேறு. 15 மாதிரி.” ஐம்பது எண்களில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறோம். தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்: 13, 15, 17, 19, 31, 35, 37, 39. எட்டே எட்டுதான். எடுத்துக்காட்டாகச் சொன்ன 15-ஐ யாரும் எடுக்கமாட்டார்கள். அதன் அக்கம்பக்கமும் சலித்துவிட, மனம் முப்பதுகளுக்குத் தாவுகிறது. அங்கே அதிகம் பேர் நிற்கும் இடம் 37, அடுத்தது 35. “முதலில் 35 நினைத்து 37-க்கு மாறினீர்களோ?” என்று அவர் இழுத்தால் இரண்டு கூட்டமும் ஒரே வலையில் விழும். நினைத்த எண்ணை ஒன்பதால் பெருக்கி இலக்கங்களைக் கூட்டச் சொல்வது இதைவிட மலிவான வித்தை. ஒன்றிலிருந்து பத்துக்குள் எதை நினைத்தாலும் விடை 9. ஒன்பதாம் வாய்ப்பாடு சரியாகத் தெரிந்த பிள்ளையை ஏமாற்ற முடியாது.

குணத்தைச் சொல்வதும் இப்படித்தான். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதாகக் குணவிவரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள், அதுவும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்தது. நம் ஊரில் “நல்லது செஞ்சும் பேர் இல்ல உங்களுக்கு”, “முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கணுமே”, “வீட்டுல ஓடாத கடியாரம் ஒண்ணு கிடக்குது” என்பார்கள். யார் வீட்டில் இல்லை?

வாட்ஸாப்பில் வரும் ‘குரு’க்களுக்குப் பேச்சுத் திறமைகூட வேண்டாம், பெருக்கல் போதும். 800 பேருக்குச் செய்தி: பாதிப் பேருக்கு நாளை இந்தப் பங்கு ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும். சரியாக அமைந்த 400 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாளும் அதே வேலை. நான்கு நாள் கழித்து 50 பேரிடம் அவர் ஒருமுறைகூடத் தவறாத மகான். அந்த ஐம்பது பேரில் ஒருவரிடம் போய் இதை விளக்கிப் பாருங்கள், நம்மைத்தான் கோபித்துக்கொள்வார்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு அறிவித்தார். உறைக்குள் ஒட்டி மூடிய ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் படிப்பது அவர் வைத்த சோதனைகளில் ஒன்று. 1978-இல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. உங்கள் பர்ஸில் இருக்கும் நோட்டின் எண் உங்களுக்கே தெரியாது. அதை நீங்கள் மனதில் நினைக்கவும் முடியாது, முகத்தில் காட்டவும் முடியாது. அதைச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டு மட்டும் பர்ஸைவிட்டு வெளியே வரவேண்டாம்.

இந்த வித்தைகளைக் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை. கல்லூரி விழாவிலும் கல்யாண வரவேற்பிலும் பையன்கள் செய்து கைதட்டல் வாங்குகிறார்கள்; வித்தை என்று சொல்லியே செய்கிறார்கள், ரசிக்கலாம். வித்தை முடிந்த கையோடு “உங்க பையனுக்கு ஒரு கண்டம் தெரியுது” என்ற பேச்சு எப்போது வருகிறதோ, அங்கே தொடங்குகிறது குற்றம். 501 ரூபாய் காணிக்கை, பிறகு பூஜைப் பொருள், பிறகு பரிகாரம், கடைசியில் கழுத்துச் சங்கிலி. வாங்குகிற ஒவ்வொரு தொகையும் முந்தைய தொகை வீணாகிவிடும் என்ற பயத்தைக் காட்டித்தான் வாங்கப்படுகிறது. போனது போகட்டும், அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

இனி புகார். மகாராஷ்டிரத்தில் 2013-லும் கர்நாடகத்தில் 2017-லும் இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இல்லை. அதனால் கைவிரிக்க வேண்டியதில்லை, இருக்கிற சட்டமே போதும். மனுவை ஒழுங்காக எழுத வேண்டும். பெரும்பாலான மனுக்களில் இரண்டு பக்கம் அவர் என் மனதைப் படித்தார், வசியம் செய்தார், மை தடவினார் என்றிருக்கிறது. பணம் கடைசி வரியில் “ஏமாற்றிவிட்டார்” என்பதோடு முடிகிறது. படிக்கும் அதிகாரி “நம்பிக்கை விவகாரம்” என்று மடித்து வைத்துவிடுகிறார். மந்திரத்தை எழுதாதீர்கள், பணத்தை எழுதுங்கள். இப்படி: “இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்ன பரிகாரம் செய்யாவிட்டால் என் மகன் உயிருக்கு ஆபத்து என்று பொய் சொன்னார். அதை நம்பி, இந்தக் கைப்பேசி எண்ணுக்கு ரூ. இவ்வளவு அனுப்பினேன். அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால் அனுப்பியிருக்கமாட்டேன்.” ஒவ்வொரு தவணைக்கும் தனி வரி.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. வெறும் ஏமாற்று 318(2). மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ பெற்றுக்கொண்டது 318(4). ஏழு ஆண்டுவரை சிறை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்தி ஒன்றைச் செய்ய வைப்பதற்கு 354 என்று தனிப் பிரிவே உண்டு. அதை மட்டும் போட்டு அனுப்பினால் திரும்பவும் மாஜிஸ்திரேட் உத்தரவுக்குத்தான் போய் நிற்பீர்கள். அதனால் 318(4)-ஐ மனுவிலேயே கேளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய 420.

“நீங்களாத்தானம்மா எடுத்துக் குடுத்தீங்க?” என்று நிலையத்தில் கேட்பார்கள். கேட்காத நிலையத்தை நான் பார்க்கவில்லை. ஏமாற்றுக் குற்றத்தில் பணத்தை எடுத்துக் கொடுப்பது எப்போதும் ஏமாந்தவர்தான். பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அது வழிப்பறி, வேறு பிரிவு. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் பணிவாகச் சொல்லுங்கள்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல, இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகலை இலவசமாகத் தரவேண்டும். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றலாம். பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்கீழ் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் 175(3)-இன்கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அங்கே தபால் ரசீது கேட்பார்கள், பத்திரம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று திரும்புகிறார்கள் பலர். அந்த மனுவும் சுற்றிச்சுற்றி அதே நிலையத்துக்குத்தான் வரும், நாள் மட்டும் போயிருக்கும்.

பணம் யு.பி.ஐ.யிலோ வங்கி மூலமோ போயிருந்தால் மனு எழுத உட்காராதீர்கள். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்கும் நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். அவமானமாக இருக்கிறதே என்று சாட்டை அழிக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அந்தக் கைப்பேசியே இருப்பது நல்லது. “போன பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று கட்டணம் கேட்டு அழைப்பவரும் அதே கூட்டத்து ஆள்தான்.

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், குழந்தையின் மூளையை விழிப்படையச் செய்கிறோம் என்று ரசீது போட்டுப் பணம் வாங்கிய வகுப்புகளுக்கு வேறு வழி இருக்கிறது. மூக்கோரத்து இடுக்கு வழியே பிள்ளை பார்ப்பதற்குத்தான் அந்தக் கட்டணம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்து, தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதும் விளம்பரத் துண்டறிக்கையும் வேண்டும், துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு வராதீர்கள். சர்க்கரை நோயையும் வலிப்பையும் தாயத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அந்தப் புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு.

ரொக்கமாகவும் நகையாகவும் கொடுத்தவர்கள் சாட்சியம் இல்லை என்று முடங்கிவிடுகிறார்கள். நகை வாங்கிய பில், அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாணப் போட்டோ, அன்று ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த பாஸ்புக் வரி ஆகிய மூன்றும் உதவும். எடுத்த இடத்திலும் கொடுத்த இடத்திலும் உள்ள கேமராப் பதிவுகளின் மேல் சில நாட்களில் புதுப் பதிவு ஏறிவிடும். அவற்றை எடுத்துப் பாதுகாக்கக் கோருகிறேன் என்று முதல் மனுவிலேயே, கடையின் பெயரும் நேரமும் போட்டு, ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.