டெல்டாவுக்கு அடியில் எண்ணெய்க் கடல் இல்லை

காவிரிப் படுகையில் எண்ணெய் கிடைக்கிறது என்றதும், வயலுக்கு அடியில் ஒரு கடலே தளும்புவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நரிமணம், கமலாபுரம், குத்தாலம், புவனகிரி என்று எண்ணெய், எரிவாயு வயல்களை அடுக்கும்போது அந்த நினைப்பு வலுக்கிறது. உண்மையில் இத்தனை பெயர்கள் இருப்பதே படுகை துண்டுதுண்டாகக் கிடப்பதற்குச் சாட்சி. சவூதியின் கவார் வயல் ஒரே பெயரில் 250 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இங்கே கோண்டுவானா நிலத்திரள் பிளந்த காலத்தில் கரையோரப் பாறைத்தளம் வெடித்துச் சில பட்டைகள் இறங்கின, சில மேடாக நின்றுவிட்டன. அரியலூர்-புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகியவை பள்ளங்கள். இடையே கும்பகோணம்-மாதானம், பட்டுக்கோட்டை-மன்னார்குடி மேடுகள். மேலே வண்டல் சமமாகப் பரவிக் கிடப்பதால் நம் கண்ணுக்கு இது எதுவும் தெரிவதில்லை.

பள்ளங்களில் படிவு சில இடங்களில் 5 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டுகிறது. அவ்வளவு தடித்த படிவில் எண்ணெயும் ஏராளமாக இருக்காதா? தடிமன் மட்டும் போதாது. உயிர்மிச்சம் செறிந்த களிப்பாறை ஆழத்தில் புதைந்து, ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி சூட்டில் நெடுங்காலம் வேக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனால், ஓடைகள் அரித்த பழுப்புக் களிமண்ணில் ஜிப்சத் தகடுகள் மின்னும், சுருள் சுருளாக அம்மோனைட் ஓடுகள் கிடக்கும். பழைய கடலடிதான், ஆனால் ஆழப் புதையாததால் அங்கே வேகவில்லை. வெந்த இடத்திலும், கசிந்துவரும் எண்ணெயை ஏந்த நுண்துளைகள் கொண்ட பாறையும், மேலே ஒழுகவிடாத மூடியும் வேண்டும். இவை எண்ணெய் கிளம்பும் முன்பே அமைந்திருக்கவும் வேண்டும். காவிரியில் இந்தப் பொருத்தம் பெரும்பாலும் மேடுகளின் ஓரங்களில், சிறு சிறு அளவில்தான் கூடிவருகிறது.

பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலில் கருங்கல் தளத்திலிருந்தே வாயு எடுத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். கருங்கல் வாயுவை உண்டாக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தில் பிறந்தது விரிசல்களில் ஏறித் தங்கியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியில் 2011இல் வாயு அகப்பட்டது இதைவிட வலுவான மறுப்பு. அந்த ஆழ்கடல் பள்ளத்தில் மிகச் சில கிணறுகளே தோண்டப்பட்டிருப்பதால், அங்கே எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. அதைக் காட்டித் தஞ்சைத் தரைக்குக் கணக்குப் போட முடியாது. டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்து 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் ஒரு வளைகுடா நாட்டையே கைவிட்டோம் என்ற புலம்பலும் இங்கே எடுபடாது. சிறு சேமிப்புகளை எடுக்கக் கிணறுகளைப் பல இடங்களில் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தளமும் பாதையும் நெல் வயலிலிருந்துதான் வர வேண்டும்.