வெற்று மாத்திரை சொன்ன உண்மை

முதுகில், விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, “மூச்சை நல்லா இழுங்க” என்கிறார் மருத்துவர். இழுப்பின் கடைசியில், வெல்க்ரோ பட்டையை மெல்லப் பிரித்தாற்போல் ஒரு சத்தம் கேட்கிறது. இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் தழும்பு நோயை அந்தச் சத்தம்தான் பல நேரம் முதலில் காட்டிக்கொடுக்கிறது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்கும் காற்றறைகளின் சுவர், மிக மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே தழும்பு படிந்து தடித்துப்போனால், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும்.

அழற்சி முற்றித்தான் தழும்பாகிறது என்று பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் நம்பியது. ஆகவே நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசோன், அசதியோபிரின் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அவற்றோடு அசிட்டைல் சிஸ்டீனையும் சேர்த்தால் நோய் மெதுவாகிறது என்று 2005-இல் ஐரோப்பிய ஆய்வொன்று சொன்னது. ஆனால் அந்த ஆய்வில் முதல் இரண்டு மருந்துகளையும் எல்லோருமே சாப்பிட்டார்கள். அவற்றைத் தொடாதவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஒப்பிட ஆள் இல்லை.

அந்த ஒப்பீட்டைச் செய்தது அமெரிக்காவின் ‘பாந்தர்’ ஆய்வு. மூன்று மருந்தும் சேர்த்து ஒரு குழுவுக்கு, அசிட்டைல் சிஸ்டீன் மட்டும் இன்னொரு குழுவுக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மூன்றாவது குழுவுக்கு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. தனிக் கண்காணிப்புக் குழு ஒன்றுதான் இடையிடையே கணக்கைப் பிரித்துப் பார்க்கும். 2011-இல் அப்படிப் பார்த்தபோது, மும்மருந்து எடுத்த 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள்; வெற்று மாத்திரை எடுத்த 78 பேரில் ஒருவர். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மும்மருந்துக் குழுவில் 23 பேர், வெற்று மாத்திரைக் குழுவில் 7 பேர். மும்மருந்துச் சிகிச்சையை அந்த அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். காப்பாற்றும் என்று நம்பி, நல்ல மனத்தோடு எழுதிக்கொடுத்த மருந்து அது. வெற்று மாத்திரையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த அந்த 78 பேர் இல்லாமல் இது வெளியே வந்திருக்காது.

(இது இந்த ஒரு நோய்க்கான முடிவு. நுரையீரல் திசுவைத் தாக்கும் வேறு பல நோய்களுக்கு பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு இன்றும் பயன்படுகிறது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.)

அழற்சிதான் மூலம் என்ற எண்ணமும் இதோடு ஆட்டம் கண்டது. காற்றறையின் உட்பூச்சில் திரும்பத் திரும்பச் சிறு காயம் படுகிறது, அதை ஆற்றும் வேலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தழும்பை வளர்த்துக்கொண்டே போகிறது என்பதே இன்றைய விளக்கம். 2014 மே மாதத்தில் ஒரே மருத்துவ இதழில் மூன்று முடிவுகள் வந்தன. பாந்தர் ஆய்வின் மிச்சப் பகுதி, அசிட்டைல் சிஸ்டீனாலும் பயனில்லை என்றது. மற்ற இரண்டும், தழும்பு வளர்வதையே குறிவைக்கும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன என்றன. நின்டெடானிப்பை 1,066 பேரிடம் இரட்டை ஆய்வாகச் சோதித்தார்கள். ஆழ இழுத்து முழுவதும் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, வெற்று மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் குறைந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 114.

இரண்டு மருந்துமே விழுந்த தழும்பை அழிப்பதில்லை. அதனால் தேடல் ஓயவில்லை. நெரண்டோமிலாஸ்ட் என்ற புதிய மருந்தை 1,177 பேரிடம் சோதித்த முடிவு 2025-இல் வந்தது. அதுவும் காற்றின் அளவு சரிவதைக் குறைத்திருக்கிறது. அந்த ஆய்விலும் ஒரு குழு வெற்று மாத்திரைதான் எடுத்தது. ஆனால் இம்முறை அவர்களில் பெரும்பாலோர் முந்தைய இரண்டில் ஒரு மருந்தையும் கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.