செல்போனில் ஒட்டும் சீட்டு! ‘குக்கீ’ நண்பனா, ஒற்றனா?

தென்காசி காசி விசுவநாதர் கோவிலுக்குப் போகிறீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறீர்கள். செருப்பு காப்பவர் ஒரு டோக்கன் தருகிறார். அதில் ஓர் எண் இருக்கிறது. அதே எண் உள்ள இன்னொரு டோக்கன் உங்கள் செருப்போடு கிடக்கிறது.

சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறீர்கள். அவருக்கு உங்கள் முகம் நினைவில்லை. ஆயிரம் பேர் வந்து போகும் இடம், எப்படி நினைவிருக்கும்? ஆனால் டோக்கனைப் பார்க்கிறார். உங்கள் செருப்பைச் சரியாக எடுத்துத் தருகிறார்.

‘குக்கீ’ என்பதும் இப்படி ஒரு டோக்கன்தான்!

செல்போனில் ஓர் இணையதளத்தைத் திறந்ததும், “நாங்கள் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம். சம்மதமா?” என்று ஒரு கட்டம் குறுக்கே வந்து நிற்கிறதல்லவா? தொல்லை விட்டால் போதும் என்று “சம்மதம்” என்பதை அழுத்திவிடுகிறோம். எதற்குச் சம்மதித்தோம்? யாருக்குச் சம்மதித்தோம்? கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

மறதிக்கு மருந்து

இணையதளத்துக்கு இயற்கையில் ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால், எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அதை அனுப்பும். அனுப்பியதும் உங்களை மறந்துவிடும்.

இந்த மறதியோடு கடை நடத்த முடியுமா? ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போடுகிறீர்கள். அடுத்த பக்கத்துக்குப் போனதும், “நீங்கள் யார்? எந்தச் சேலை?” என்று கடை கேட்டால் எப்படி இருக்கும்?

1994-ம் ஆண்டில் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார் லூ மொண்டுல்லி என்ற அமெரிக்க இளைஞர். ‘நெட்ஸ்கேப்’ என்ற கம்பெனியில் அவர் இன்ஜினீயர். இணையதளம் ஒரு சிறு குறிப்பை எழுதி உங்கள் கருவியிலேயே வைத்துவிடும், மறுபடி நீங்கள் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, “ஓ, அந்தச் சேலைக்காரர்!” என்று தெரிந்துகொள்ளும். இதுதான் அவர் செய்த ஏற்பாடு.

கம்ப்யூட்டர் நிபுணர்கள் இப்படிக் கைமாறும் அடையாளக் குறிப்பை ஏற்கெனவே ‘மாயக் குக்கீ’ என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரே சுருங்கிக் ‘குக்கீ’ ஆயிற்று. தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

குக்கீக்குள் என்ன இருக்கிறது?

சில எழுத்துகள், சில எண்கள். அதிகம் போனால் சுமார் 4,000 எழுத்துகள். அவ்வளவுதான்.

அது வைரஸ் அல்ல. உங்கள் புகைப்படங்களை அது எடுத்துப் பார்க்காது. உங்கள் பாங்கிக் கணக்கில் தானாகக் கை வைக்காது. அது வெறும் டோக்கன். டோக்கன் உங்கள் செல்போனில் இருக்கும். பேரேடு கம்பெனியிடம் இருக்கும்.

நன்மையும் உண்டு. ரெயில் டிக்கெட் எடுக்கப் பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து உள்ளே போகிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் மறுபடியும் கேட்காமல் இருப்பதற்குக் குக்கீதான் காரணம். ஒரு தளத்தில் “தமிழ்” என்று ஒரு முறை தேர்ந்தெடுத்தால், மறுநாளும் அது தமிழிலேயே திறப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியானால் வம்பு எங்கே?

மூன்றாவது ஆள்!

குற்றாலத்துக்கு வாருங்கள். சாரல் அடிக்கும் காலம். பேரருவியில் குளித்துவிட்டுக் கடைத்தெருவில் நடக்கிறீர்கள்.

முதலில் பழக்கடை. மங்குஸ்தான் விலை கேட்கிறீர்கள். கடைக்காரருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பார்க்காத நேரத்தில் உங்கள் துண்டின் முனையில் ஒரு சீட்டைக் குத்திவிடுகிறார். அதில் 4512 என்று எழுதியிருக்கிறது.

அடுத்து எண்ணெய்க் குளியல். அங்கேயும் அதே கம்பெனி ஆள் ஒருவர்! சீட்டைப் பார்க்கிறார். “4512: மங்குஸ்தான் விலை கேட்டது, முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டது” என்று எழுதுகிறார். விடுதியில் அறை வாடகை கேட்கிறீர்கள். ஐந்தருவிப் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குகிறீர்கள். எல்லா இடத்திலும் ஓர் ஆள். எல்லா இடத்திலும் ஒரு குறிப்பு.

பொழுது சாய்ந்து பஸ் ஏறும்போது, உங்கள் பெயர் தெரியாத ஒருவனுக்கு உங்கள் நாள் முழுவதும் தெரிந்திருக்கிறது!

இணையத்தில் நடப்பது இதுவே. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். செய்தி அந்தத் தளத்திலிருந்து வருகிறது. பக்கத்தில் இருக்கும் விளம்பரமோ வேறொரு விளம்பரக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. வரும்போது அது தன் சொந்தக் குக்கீயையும் போட்டுவிடும். அதே கம்பெனியின் விளம்பரம் துணிக்கடைத் தளத்திலும் இருக்கும். வைத்தியத் தளத்திலும் இருக்கும். போகும் இடமெல்லாம் அது தன் சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். இதற்கு ‘மூன்றாம் தரப்புக் குக்கீ’ என்று பெயர்.

ஒரு தளம் போட்ட குக்கீயை அந்தத் தளம் மட்டுமே படிக்க வேண்டும் என்றுதான் மொண்டுல்லி திட்டமிட்டார். ஒருவரை ஊர் முழுவதும் பின்தொடர இது பயன்படக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் எல்லாத் தளத்திலும் விளம்பரமாக நுழைந்தால் பின்தொடரலாம் என்பதை விளம்பரக் கம்பெனிகள் கண்டுபிடித்துவிட்டன. முன்வாசலைப் பூட்டினார், அவர்கள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார்கள்!

கடைக்காரர் ஏன் அந்த ஆளை உட்கார வைக்கிறார்? காசுக்காக. நாம் பல தளங்களை இலவசமாகப் படிக்கிறோம். அதற்குக் கூலி கொடுப்பது விளம்பரம். யாருக்கு எது தேவை என்று தெரிந்து காட்டும் விளம்பரத்துக்கு விலை அதிகம்.

அப்பாவின் ரகசியம்

“என்னைப் பற்றித் தெரிந்தால் என்ன? ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். மகள் பிளஸ்-2 படிக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு செல்போன்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் வேண்டும். கையில் இல்லை. அதை யாரிடமும் சொல்ல அப்பாவுக்கு மனமில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, எங்கே கடன் கிடைக்கும் என்று செல்போனில் தேடிப் பார்க்கிறார். பிறகு வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

மறுநாள் மகள் பாடம் படிக்க அதே செல்போனை எடுக்கிறாள். பாடத்தைச் சுற்றிலும் விளம்பரங்கள். “உடனே கடன்!” “ஜாமீன் வேண்டாம்!” “ஐந்தே நிமிஷத்தில் பணம்!”

அவள் புத்திசாலிப் பெண். புரிந்துகொண்டுவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்ததும், “நான் காலேஜுக்குப் போகலைப்பா. ஏதாவது வேலைக்குப் போறேன்” என்கிறாள்.

அப்பா திகைத்துப்போகிறார். யார் சொன்னது இவளுக்கு?

யாரும் சொல்லவில்லை. சீட்டு சொல்லிவிட்டது!

திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு தகப்பன் தானாகச் சொல்ல நினைத்த நேரத்தில், தன் வாயால் சொல்லும் உரிமை பறிபோய்விட்டது. கஷ்டத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்து, அநியாய வட்டிக்காரனும் தேடி வரலாம். அந்தரங்கம் என்பது குற்றவாளிக்கு மட்டும் வேண்டிய பொருள் அல்ல. மானமுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டிய பொருள்.

மத்தளம்பாறையில் ஒரு முடிவு

இந்தப் பின்தொடரும் வேலை தேவையா என்று கேட்டவர்களில் ஒரு கம்பெனி, தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மத்தளம்பாறை கிராமத்தில் ‘ஜோஹோ’ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கம்பெனி தென்காசிப் பக்கம் வந்தது 2011-ம் ஆண்டில். மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே உட்கார்ந்து, உலகம் முழுவதும் உள்ள வியாபாரிகளுக்கு வேண்டிய மென்பொருள்களை இங்குள்ள இளைஞர்கள் உருவாக்குகிறார்கள். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவும் அமெரிக்காவிலிருந்து திரும்பி இந்தக் கிராமத்துக்கே குடிவந்தார்.

2020-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. தன் இணையதளங்களிலிருந்து மூன்றாம் ஆட்களின் கண்காணிப்புக் கருவிகளை நீக்கிவிட்டதாகக் கூறியது. 2023-ம் ஆண்டில் ‘உலா’ என்ற பெயரில் ஓர் உலாவியையும் வெளியிட்டது. உலாவி என்பது இணையதளங்களைத் திறந்து பார்க்க உதவும் மென்பொருள். பின்தொடரும் கருவிகளைத் தடுப்பதே ‘உலா’வின் சிறப்பு என்று கம்பெனி சொல்கிறது.

தடுக்கும் உலாவி அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் கம்பெனியின் ‘சஃபாரி’ 2020-ம் ஆண்டிலேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுத்துவிட்டது. ‘பயர்பாக்ஸ்’ உலாவியிலும் தடுப்பு உண்டு. கூகுள் கம்பெனியும் தன் ‘குரோம்’ உலாவியிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக 2020-ல் அறிவித்தது. பல முறை தள்ளிப்போட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பாவில் சட்டம் கண்டிப்பானது. “சம்மதம்” என்று சொல்வது எவ்வளவு எளிதோ, “வேண்டாம்” என்று சொல்வதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். கூகுள் அப்படி வைக்கவில்லை என்று பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள் 2021-ம் ஆண்டின் இறுதியில் 15 கோடி யூரோ அபராதம் போட்டார்கள்!

நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு அது. 2023-ம் ஆண்டில் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டத்தில் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வசதி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை, கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெற முடியவேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இதற்குச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

சம்மதக் கட்டம் வந்தால் அவசரப்படாதீர்கள். “நிராகரி” அல்லது “தேவையானவை மட்டும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்துங்கள். பெரும்பாலும் தளம் வழக்கம்போலவே வேலை செய்யும்.

குரோமில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் போனால் ‘மூன்றாம் தரப்புக் குக்கீகள்’ என்று இருக்கும். அதைத் தடுத்து வையுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை.

குக்கீகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். அழித்தால் சில தளங்களில் மறுபடி பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும். வேறு பெரிய நஷ்டம் இல்லை.

பொதுச் செல்போனில் சொந்த விஷயத்தைத் தேடும்போது உலாவியின் ‘மறைநிலை’யைப் பயன்படுத்துங்கள். மூடியதும் அந்தக் குக்கீகள் அழிந்துவிடும். ஆனால் நீங்கள் பார்த்த தளத்தின் கண்ணிலிருந்து அது உங்களை மறைக்காது.

பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பம் போட்டால், எழுந்திருப்பதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அடுத்து உட்காருபவர் நீங்களாகவே உள்ளே போய்விடலாம்!

இவ்வளவு செய்தாலும் முழுக் காவல் கிடைத்துவிடாது. ஆப்களில் குக்கீக்குப் பதிலாக ‘விளம்பர எண்’ என்று ஒன்று உண்டு. கருவியின் அமைப்பை வைத்தே ஆளை அடையாளம் காணும் வித்தையும் உண்டு. ஆனாலும் வாசலைத் திறந்து போடுவதைவிடச் சாத்தி வைப்பது நல்லதல்லவா?

கோவில் வாசலில் செருப்பை வாங்கியதும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நடக்கிறோம். யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

செல்போனிலும் அப்படியே இருப்போம். வேலை முடிந்ததா? டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள்!