ஒளியால் விடை கூறும் மூலக்கூறுகள்

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் செந்நிறம் கொள்வதைத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றனர். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தோடு கூடியவுடன், அது உட்கொள்ளும் ஒளியின் தன்மை மாறி விடுகிறது. நீலச் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்தால் அஃது ஊதாவாக மாறுவதும் இவ்வகையினதே. பள்ளிகளில் வழங்கும் லிட்மஸ் காகிதம் இவற்றிற்கு நெருங்கிய உறவு. நீரில் கரைந்து கண்ணுக்குப் புலனாகாதிருக்கும் ஒரு பொருளை ஒளியின் மாற்றத்தால் அறிவிப்பதே இவை யாவற்றிற்கும் பொதுவான தொழிலாகும்.

இவ்வெளிய உண்மையிலிருந்து கிளைத்ததே இரசாயன ஒளியுணரிகள் என்னும் துறை. இத்துறையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவருள் ஒருவர், இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டு பட்டம் பெற்ற அவர், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1980இல் முனைவரானார். பின்னர்த் தாயகம் திரும்பிக் கொழும்பில் கற்பித்து, 1986இல் மீண்டும் பெல்பாஸ்ட் சென்றார். ஒரே கருத்தைப் பல்லாண்டுகள் விடாது பற்றி நின்றால் அஃது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை ஒரு சான்று.

நிறம் வேறு, ஒளிர்வு வேறு

ஒரு பொருள் சில நிற ஒளியை விழுங்கிவிட, எஞ்சிய ஒளி நம் கண்ணை அடைவதே நிறம். ஒளிர்வோ, பொருள் தானே ஒளியை உமிழ்வது. அறிஞர் ஸ்டோக்ஸ் 1852இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காய்ச்சல் மருந்தாகிய கொயினாவின் கரைசலைக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் தாக்கும்போது அது நீல ஒளி வீசுவதை விளக்கினார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. பட்டப்பகலில் ஒளியிற் சிறிது குறைந்தால் அதனைக் காண்பது அரிது. நள்ளிருளில் தொலைவிலுள்ள ஓர் அகல் விளக்கும் கண்ணுக்குத் தெரியும். ஆதலால் நிறம் மாறும் சாயத்தைக் காட்டிலும், ஒளிரும் பொருள் மிகச் சிறிய அளவிலேயே செய்தி சொல்ல வல்லது. ஆக்சிஜன் சில பொருள்களின் ஒளிர்வை அணைக்கும் என்பதை ஜெர்மானியரான கவுட்ஸ்கி 1930களில் ஆராய்ந்தார். அதனைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் கருவியை அமைத்த லூபர்ஸ், ஓபிட்ஸ் என்னும் இருவர் 1975இல் அதற்கு ‘ஆப்டோட்’ என்று பெயரிட்டனர். 1980இல் பீட்டர்சன் குழுவினர் அமெரிக்காவில், மெல்லிய ஒளியிழையின் நுனியில் சாயத்தை வைத்து, இரத்தத்தின் அமில காரத் தன்மையை அளந்து காட்டினர்.

எனினும் ஒரு குறை நின்றது. எந்தப் பொருளை அளக்க வேண்டுமோ அதற்கேற்ற சாயம் கிடைப்பது பெரும்பாலும் தேடலையும் தற்செயலையும் பொறுத்திருந்தது. வேண்டிய உணரியை முன்கூட்டியே திட்டமிட்டுக் கட்ட இயலாதா? டி சில்வாவின் ஆராய்ச்சி இக்கேள்விக்கு விடையாக அமைந்தது.

மூன்று உறுப்புகள்

தமிழாசிரியர்க்குப் பகுபத உறுப்பிலக்கணம் கைவந்த ஒன்று. பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்தும் கூட்டியும் சொல்லை அமைக்கிறோம். பகுதியை மாற்றினால் வேறு வினை. விகுதியை மாற்றினால் வேறு பால். டி சில்வா கைக்கொண்ட மூலக்கூறும் இவ்வாறு மூன்று உறுப்புகளால் ஆயது. ஒளிரும் உறுப்பு ஒன்று. அளக்கவேண்டிய பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி மற்றொன்று. இரண்டையும் இணைத்தும் விலக்கியும் நிறுத்தும் இடையுறுப்பு மூன்றாவது. சொல்லிலக்கணத்தோடு இஃது எல்லாவாற்றானும் ஒவ்வாதெனினும், உறுப்புகளைத் தனித்தனியே மாற்றிப் புதியன ஆக்கலாம் என்னும் அளவில் ஒப்புமை பொருந்தும்.

இது தொழிற்படும் விதம் காண்போம். அந்த்ரசீன் என்னும் ஒளிரும் உறுப்பைப் புற ஊதாக் கதிர் தாக்கினால், அதன் எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தை விட்டு மேல் நிலைக்குத் தாவுகிறது. அது மீண்டும் தன் இடத்திற்கு இறங்கும்போது ஒளி பிறக்கிறது. ஆனால் அருகே அமீன் என்னும் ஏற்பி இருந்தால், அதன் எலெக்ட்ரான் ஒன்று இடையுறுப்பைக் கடந்து வந்து, காலியான அவ்விடத்தில் அமர்ந்துவிடுகிறது. மேலே சென்றதற்கு இறங்க இடமில்லை, ஒளியும் பிறப்பதில்லை. முடிவில் அவ்வாற்றல் வெப்பமாகக் கழிந்துபோகிறது. ஒளி உமிழ்வதற்குச் சில நானோ வினாடிகள் வேண்டும். எலெக்ட்ரானின் தாவல் அதனினும் விரைவானது. ஆகவே விளக்கு அணைந்தே கிடக்கிறது.

இப்பொழுது கரைசலில் அமிலம் சேர்ப்போம். ஹைட்ரஜன் அயனி அமீனைப் பற்றிக்கொள்கிறது. அமீனின் எலெக்ட்ரான்கள் அவ்வயனியோடு பிணைப்புண்டமையால் தாவும் இயல்பை இழக்கின்றன. தடை நீங்கியது, அந்த்ரசீன் ஒளி வீசுகிறது. அமிலம் உண்டா இல்லையா என்ற வினாவுக்கு விளக்கு எரிவதும் அணைவதுமே விடையாகின்றன.

ஒளி தூண்டும் இவ்வெலெக்ட்ரான் தாவலின் இலக்கணத்தை ரெம், வெல்லர் என்பார் 1970ஆம் ஆண்டளவிலேயே வகுத்திருந்தனர். அதனை உணரி கட்டும் பொது முறையாக ஆக்கியவர்களுள் டி சில்வா முன்னோடி. அமில காரத் தன்மையைக் காட்டும் இவ்வகை உணரிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை, கொழும்பில் பணியாற்றிய காலத்தில், 1985இல் வெளிவந்தது.

இரத்தத்தை வினாவுதல்

ஆய்வுக்கூடத்துக் குப்பியில் மின்னிய இவ்வொளி மருத்துவமனைக்கும் வந்தது. நலமுள்ளோர் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் லிட்டருக்குச் சோடியம் ஏறத்தாழ 135 முதல் 145 மில்லிமோல் வரையும், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரையும் இருக்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்புத் தடுமாறும். அளவு கடந்தால் நின்றும் போகும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் விபத்தில் நைந்தவர்க்கும் இவ்வபாயம் உண்டு. அத்தகையோர்க்கு விடை சில நிமிடங்களில் வேண்டும்.

மின்முனைகளாலும் இவற்றை அளப்பதுண்டு. ஒளிமுறையில் உள்ள இடர், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தறிவது. இரண்டும் ஒரே மின்னூட்டம் உடைய அயனிகள். பொட்டாசியம் உருவில் பெரியது. எனவே ஏற்பியின் குழிவை அயனியின் பருமனுக்கேற்ப அமைத்தல் வேண்டும். 1967இல் பெடர்சன் வெளியிட்ட மகுட ஈதர்கள் இதற்கு வழிகாட்டின. வளைய வடிவான இம்மூலக்கூறுகள் தமக்கேற்ற அயனியை நடுவில் அமர்த்திக் கொள்வன. இத்துறைக்காகப் பெடர்சன், லேன், கிராம் ஆகிய மூவரும் 1987இல் நோபல் பரிசு பெற்றனர்.

இங்கே மூவுறுப்பு முறையின் பயன் நன்கு விளங்கும். அந்த்ரசீனுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். கருவிக்கோ நீல ஒளியே வசதி. ஆதலால் ஒளிரும் உறுப்பை மாற்றி, நீல ஒளியால் தூண்டப்பட்டுப் பச்சையாக ஒளிரும் அமினோ நாப்தலிமைடை வைத்தனர். சோடியத்திற்கு ஓர் ஏற்பி, பொட்டாசியத்திற்கு வேறோர் ஏற்பி. இம்முறையைத் தழுவி அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள் அமைத்த உணரிகள் பற்றிய கட்டுரைகள் 2003இல் வெளிவந்தன. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய இரத்தச் சோதனைக் கருவிகளில் இவை இடம்பெற்றன.

இதுவும் அதுவும்

டி சில்வாவின் பெயரைப் பரவச் செய்தது வேறொரு கட்டுரை. 1993இல் அவரும் உடனாராய்ந்த இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது அது. அவர்கள் ஆக்கிய மூலக்கூற்றுக்கு ஏற்பிகள் இரண்டு: ஒன்று ஹைட்ரஜன் அயனியைப் பற்றுவது, மற்றது சோடியத்தைப் பற்றுவது. இரண்டுள் ஒன்று வெறுமையாக இருப்பினும் எலெக்ட்ரான் தாவி ஒளியை அணைத்துவிடும். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும். இரண்டும் வந்தால்தான் விளக்குச் சுடர்விடும். தமிழில் எண்ணும்மை செய்யும் வேலையை ஒரு மூலக்கூறு செய்தது. கணிப்பொறியின் அடிப்படைத் தருக்க வாயில்களில் ஒன்று இது. 2006இல் அவர் குழுவினர் இத்தருக்க மூலக்கூறுகளைக் கொண்டு, மிகச் சிறிய மணிகளை ஒவ்வொன்றாக அடையாளங் காணும் வழியையும் காட்டினர்.

இதனால் மூலக்கூறுகள் கணிப்பொறியை வென்றுவிடும் என்று கருதுதல் தவறு. ஒரு மூலக்கூற்றின் விடையை அடுத்ததற்கு வினாவாகக் கொடுப்பது கடினம். ஒளியுணரிகட்குப் பிற குறைகளும் உண்டு: நெடுநேரம் ஒளிபட்டால் சாயம் வெளுக்கும், வெப்பநிலை மாறினால் அளவும் மாறும். கம்பி நுழையாத இடத்திலும் நுழைந்து, நோயாளியின் துளி இரத்தத்திலிருந்து செய்தி கொணர்வதே இவற்றின் சிறப்பு.

வகுப்பறையில் இதன் தொடக்கத்தைக் காட்டப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. கடைகளில் விற்கும் டானிக் நீரில் கொயினா உண்டு. இருட்டறையில், பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் ஒளியை அதன்மேற் பாய்ச்சினால் நீல ஒளி தோன்றும். கண்ணிற் படாதவாறு விளக்கைப் பிடித்தல் வேண்டும். பின்னர் ஒரு கரண்டி உப்பைக் கரைத்தால் அவ்வொளி மங்கும். உப்பிலுள்ள குளோரைடு அயனி அதனை அணைக்கிறது. உப்பு மிகுந்த நீர் எது, குறைந்த நீர் எது என்று மாணாக்கர் நாவில் வைக்காமலே கூறிவிடுவர். ஒளி ஏன் மங்கியது என்று அவருள் ஒருவர் கேட்பாராயின், அதுவே இத்துறையின் முதற்பாடம்.