கரண்டையில் கட்டியா? கத்திக்கு முன் ஸ்கேன்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்களின் மலைச்சரிவிலேயே நின்று கொளுந்து பறித்த கால்களுக்கு அட்டைக்கடியும் வெடிப்பும் வீக்கமும் பழகிப்போனவை. கரண்டைப் பக்கம் ஒரு கட்டி எழும்பினாலும் வலிக்காதவரை யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

அது கொழுப்புக் கட்டி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், மெதுவாக வளரும். செருப்பு உரசினாலோ, நரம்பை அழுத்தி மரத்துப்போனாலோ எடுத்துவிடலாம். கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்பது வெறும் பயம்.

ஆனால் கொழுப்புக் கட்டி முதுகிலும் தோளிலும் வருகிற அளவுக்குப் பாதத்தில் வருவதில்லை. ஆகவே பாதத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாது; ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மூட்டு நீர் தேங்கிய கட்டியாக இருக்கலாம். முள் குத்திய வழியே மண்ணிலுள்ள கிருமி புகுந்து வருகிற ‘மதுரா பாதமாக’ இருக்கலாம். 1842-இல் மதுரையில் பதிவானதால் வந்த பெயர் அது. வலியில்லாமல் வீங்கி, பிறகு துளை விழுந்து, சீழோடு குருணை போன்ற துகள்கள் வரும். அரிதாகப் புற்றாகவும் இருக்கலாம். அதுவும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், வேகமாக வளர்ந்தால், கெட்டியாக அசையாமல் இருந்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சூடு வைப்பதும் ஊசியால் குத்துவதும் வேண்டவே வேண்டாம்.

தோட்டத்தில் வைத்திய வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை என்றது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். மாஞ்சோலைத் தோட்டங்களில் 2024-இல் வேலை முடிந்து மலையிறங்கிய குடும்பங்களுக்கு அந்தப் பிடிமானம் போய்விட்டது. அவர்கள் முதலில் போக வேண்டியது அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கு. தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. சந்தேகம் கேட்க 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

ஸ்கேன் எடுக்காமல் அறுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பணம் கட்டிப் பார்த்த சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

எடுத்த கட்டியைக் குப்பையில் போடவிடாதீர்கள். திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகே விஷயம் முடிந்தது என்று நினையுங்கள்.